தானுந்துப் பட்டைக் கப்பிகளின் கீச்சொலி

தானுந்துப் பட்டைக் கப்பிகளின் கீச்சொலி என்பது, உள் எரி பொறியின் துணைக்கருவிகளை ஓட்டும் பட்டையும் கப்பிகளும் சீராக இணைந்து சுழலாதபோது எழும் உயர் சுருதி ஒலி ஆகும். பட்டறைகளில் இவை பெல்ட், புல்லி என்றே வழங்கப்படுகின்றன. ஒலி பட்டையிலிருந்து கேட்டாலும் அதன் காரணம் பல வேளைகளில் கப்பியிலோ, கப்பியின் பேரிங்கிலோ, பட்டைக்கு இறுக்கம் தரும் டென்ஷனரிலோ இருக்கும். ஆகவே பட்டையை மட்டும் மாற்றிய ஊர்திகளில் ஒலி சில நாட்களிலேயே திரும்பிவிடுவதுண்டு.

அமைப்பு

கிராங்க் தண்டின் முனையிலுள்ள கப்பியே பட்டையை இழுக்கிறது. பட்டை ஆல்டர்னேட்டர், குளிர்சாதனக் கம்ப்ரசர், நீரியல் வகைப் பவர் ஸ்டீயரிங்கின் பம்பு ஆகியவற்றைச் சுழற்றுகிறது. பல பொறிகளில் தண்ணீர் பம்பும் இதே பட்டையால் ஓடுகிறது. முன்னர் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வி-பட்டைகள் இருந்தன. 1979ஆம் ஆண்டின் போர்டு மஸ்டாங்கில், எல்லாக் கருவிகளையும் சுற்றி வளைந்து செல்லும் ஒரே நீண்ட பட்டை இடம்பெற்றது. இன்று பரவலாக உள்ளது இவ்வகையே. இதன் உட்பக்கத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும். பட்டையின் மேல் 6பிகே1870 என்று அச்சிடப்பட்டிருந்தால் அதற்கு 6 வரிகள், நீளம் 1870 மில்லிமீட்டர் என்று பொருள்.

கப்பியில் பட்டை வழுக்காமல் இருப்பதற்கு உராய்வு, இழுவிசை, பட்டை கப்பியைத் தழுவும் கோணம் ஆகிய மூன்றும் தேவை. ஆய்லர்-ஐட்டெல்வைன் சமன்பாட்டின்படி தழுவுகோணம் குறையும்போது பிடிப்பு விரைவாகக் குறைகிறது. உராய்வுக் குணகம் 0.3 கொண்ட தட்டையான பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோணம் 180 பாகையாயின், வழுக்கும் முன்னர் இறுக்கப் பக்க இழுவிசை தளர் பக்கத்தைப் போல் சுமார் 2.6 மடங்கு வரை உயரலாம். 120 பாகையில் இது சுமார் 1.9 மடங்கு மட்டுமே. எதையும் ஓட்டாத ஐட்லர் கப்பிகளின் பணிகளுள் ஒன்று இக்கோணத்தைக் கூட்டுவது ஆகும். ஆல்டர்னேட்டரின் கப்பி சிறியது. அதன் சுமையோ பெரிது. எனவே வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒலியின் வகைகள்

வயலின் நரம்பில் வில் பற்றியும் வழுகியும் செல்வதால் ஒலி பிறப்பது போலவே பட்டையும் கப்பியில் மாறி மாறிப் பற்றி வழுகும்போது ஒலிக்கிறது.

பறவை கத்துவது போல விட்டுவிட்டு, பொறி மெதுவாக ஓடும்போது தெளிவாகக் கேட்கும் ஒலி, கப்பிகள் ஒரே தளத்தில் இல்லாததைக் காட்டுகிறது. பட்டை வரிப்பள்ளத்தினுள் கோணலாக நுழைந்து பக்கவாட்டில் உரசுகிறது. மாறாக, நீண்டு அலறும் ஒலி வழுக்கலின் அறிகுறி. குளிர்ந்த பொறியை இயக்கியவுடனும், குளிர்சாதனத்தைப் போட்டவுடனும், நீரியல் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போதும் இது எழும். மூன்றாவதாக, உறுமலாகவோ அரைப்பது போலவோ வரும் ஒலி பேரிங்குக்கு உரியது.

கண்டறிதல்

மிக எளிய சோதனைக்குத் தெளிப்பானில் சிறிது தண்ணீர் போதும். பொறி மெதுவாக ஓடும்போது, எட்டி நின்று பட்டையின் வரிப்பக்கத்தில் தெளிக்க வேண்டும். ஒலி சிறிது நேரம் அடங்கி மீண்டும் வந்தால் கப்பி விலகல் எனலாம். உடனே கூடினால் இழுவிசை போதவில்லை. மாற்றமே இல்லையெனில் பேரிங்கை ஐயுறலாம். தளர்ந்த ஆடை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் ஓடும் பட்டைக்கு அருகில் செல்லலாகாது. ரேடியேட்டரின் மின்விசிறி, பொறி நின்றிருக்கும்போதும் தானே சுழலக்கூடும்.

பொறியை நிறுத்திக் குளிரவிட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டால் மேலும் பலவற்றை அறியலாம். ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல ஐட்லர் கப்பி ஓசையின்றி, கிரீசின் இலேசான தடையோடு சுழன்று நிற்கும். தட்டிவிட்டதும் தடையின்றி நெடுநேரம் சுழலும் கப்பியை நல்லது என்று பலர் கருதுவர். உண்மையில் அதன் கிரீஸ் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். கப்பியைப் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தாலும் பேரிங் தேய்ந்துள்ளது. கிராங்க் கப்பியையும் மறக்கலாகாது. அதன் மையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அதிர்வு தணிக்கும் ரப்பர் உள்ளது. அது சிதைந்தால் வெளிவளையம் நகர்ந்து தள்ளாடும். அதனால் பட்டை முழுவதும் விலகும்.

டீசல் ஊர்திகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் கப்பி ஒரு திசையில் மட்டும் பற்றும் வகையைச் சேர்ந்தது. ஆல்டர்னேட்டரின் சுழலியைப் பிடித்துக்கொண்டு கப்பியைத் திருப்பினால் ஒரு புறம் பற்றி, மறு புறம் விடுபட்டுச் சுழல வேண்டும். இரு புறமும் பற்றினால் அது இறுகிவிட்டது. அந்நிலையில் டென்ஷனரின் கை இடைவிடாது நடுங்கும்.

பட்டையின் வயதைக் கண்ணால் மட்டும் கணிக்க இயலாது. பழைய நியோபிரீன் பட்டைகள் வெடிப்பு விட்டன. பின்னர் வந்த ஈ.பி.டி.எம். ரப்பர்ப் பட்டைகளில் அவ்வாறு வெடிப்புத் தோன்றுவது அரிது. டயரைப் போல வரிகள் தேய்ந்து பள்ளம் அகலும். இதை அளக்க நெகிழி அளவி கிடைக்கிறது.

சரிசெய்தல்

பட்டையில் எண்ணெயோ குளிர்விப்பு நீரோ படிந்திருப்பின் முதலில் கசிவை அடைக்க வேண்டும். ஊறிய பட்டையைத் துடைத்துப் பயனில்லை, மாற்றுவதே வழி. தேய்ந்த பேரிங், பொதுவாகக் கப்பியோடு சேர்த்து மாற்றப்படுகிறது. விலகலை நேர்விளிம்புக் கோல் வைத்துப் பார்க்கலாம். தளர்ந்த தாங்குசட்டம், சரியாக அழுத்தப்படாத கப்பி, பொருந்தாத மாற்று உதிரி ஆகியவை அதன் வழக்கமான காரணங்கள். தானியங்கி டென்ஷனரின் சுருள்வில் தளர்ந்திருந்தால் டென்ஷனரையே மாற்ற வேண்டும்.

2014 வரை உற்பத்தியான மாருதி 800 போன்ற சிறு தானுந்துகளில் ஆல்டர்னேட்டரை நகர்த்தியே பட்டை இறுக்கப்படுகிறது. ஒலி அடங்கும் வரை இறுக்குவது பட்டறைகளில் காணப்படும் தவறான பழக்கம். அளவு மீறிய இறுக்கம் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு ஆகியவற்றின் பேரிங்குகளை அழிக்கிறது. ஒரு பட்டையின் விலையில் முடிய வேண்டிய வேலை பல மடங்கு செலவாகிறது. கையேட்டில் தரப்பட்ட தொய்வளவே சரியானது. சோப்பு தேய்ப்பதும் மெழுகுத் தெளிப்பும் ஒலியைச் சில நாள் மறைக்கும், தூசியை ஈர்க்கும், காரணம் அப்படியே இருக்கும்.

பட்டை அறுந்தால்

இறுகி நின்றுபோன கப்பி பட்டையை உரசி எரித்து அறுத்துவிடலாம். அப்போது மின்கல எச்சரிக்கை விளக்கு எரியும். நீரியல் ஸ்டீயரிங் திடீரெனக் கனக்கும். தண்ணீர் பம்பும் அதே பட்டையில் ஓடும் பொறியாயின் வெப்பமானி சில நிமிடங்களில் ஏறிவிடும். "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் சிலிண்டர்த் தலை வளையவும், தலைக்கும் உருளைத் தொகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கட் கருகவும் நேரும். ஊர்தியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டிப் பொறியை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.