குற்றாலம் ஸ்டேஷனும் ஒற்றை வயிற்று பி-யும்

எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் பூஜை அறைக்கு வெளியே ஆச்சியின் படம் ஒன்று மாட்டியிருக்கும். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணி, கண்ணுக்கும் உதட்டுக்கும் கையால் சாயம் தீட்டிய படம். அதற்கு மூலமான சின்னப் படம் போன வருஷம்தான் கிடைத்தது. டிரங்குப் பெட்டியில், ஒரு பழுப்புக் கவருக்குள், ஓரம் நெளிநெளியாக வெட்டிய இரண்டு படங்கள்.

முதல் படத்தில் ஒரு நீராவி எஞ்சின். பக்கத்தில் குடை பிடித்த ஒரு பெண், கையைப் பிடித்தபடி நாலு வயசு மதிக்கத்தக்க ஒரு பையன். பின்னால் மலை. எடுத்தவருக்கு எஞ்சின் மேல்தான் கண் போலிருக்கிறது, ஆட்கள் சின்னதாக ஓரத்தில் நிற்கிறார்கள். பெண்ணின் முகம் முழுக்கக் குடை நிழல். சுவரில் இருக்கும் முகம் ஸ்டுடியோக்காரர் வரைந்த முகம் என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது படம் ஒரு தெரு. ஒரு குதிரை வண்டி, தூரத்தில் நடுவே பிளந்து நிற்கும் கோபுரம்.

முதல் படத்தின் பின்னால் 'அம்மா – குற்றாலம் ஸ்டேஷன்' என்று எழுதியிருந்தது. பெரியப்பா எழுதியது என்று வீட்டில் சொன்னார்கள். ஆச்சி 1941-இல் தவறிவிட்டார். 1935-இல் பிறந்த அப்பாவுக்கு நாலு வயசு இருக்கும்போது குற்றாலம் போனார்களாம், ஆகவே படம் 1939. இதுதான் வீட்டுக் கணக்கு. ஆச்சிக்கு வேறு படமே கிடையாது.

எனக்கு முதலில் இடித்தது ஸ்டேஷன்தான். குற்றாலத்தில் ரயில்வே ஸ்டேஷன் என்றைக்குமே இருந்ததில்லை. அருவிக்குப் போகிறவர்கள் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கி வண்டி பிடிப்பார்கள். டிக்கெட் தென்காசிக்கு இருக்கும், வாய் 'குத்தாலத்துக்குப் போறோம்' என்றுதான் சொல்லும். ஆகவே கேள்வி, இரண்டில் எது?

திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் பாதை போட்டது. அடுத்த வருஷமே மலையைக் குடைந்து புனலூர், கொல்லம் வரை போய்விட்டார்கள். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956 நவம்பரில்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. விருதுநகரிலிருந்து வரும் பாதை 1927-இல் தென்காசியைத் தொட்டது. இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. அந்தத் தண்டவாளம் எதுவும் இன்றைக்கு இல்லை. 1000 மில்லிமீட்டர் பாதையைப் பெயர்த்து 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை போட்டார்கள். திருநெல்வேலி–தென்காசி 2012-இல் திறந்தது, செங்கோட்டை–புனலூர் 2018-இல். பிளாட்பாரமும் கூரையும் மாறிவிட்டன. பழைய படத்தை வைத்துக்கொண்டு கட்டடம் தேடிப் பிரயோஜனமில்லை.

மாறாதது மலை ஒன்றுதான். படத்தில் தெரியும் மலை விளிம்பை டிரேசிங் பேப்பரில் எடுத்துக்கொண்டு ஆடி மாசம் கிளம்பினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். சீசனில் மலைக்கு முகமே கிடையாது, சாரலும் மேகமுமாக மூடிக்கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கொஞ்ச நேரம் விலகியது. செங்கோட்டையில் நின்றால் மலை கிட்டத்தில், நம்மைச் சுற்றி வளைத்த மாதிரி இருக்கிறது. குற்றாலம் அங்கிருந்து தெற்குப் பக்கம். தென்காசியில் மலை தள்ளி நிற்கிறது, மேற்கே பார்த்தால் நீளமாக ஒரு மதில். தென்காசி பிளாட்பாரத்தில் காகிதத்தை உயர்த்திப் பிடித்தேன். விளிம்பு விளிம்போடு பொருந்தியது.

இரண்டாவது படமும் அதையே சொன்னது. பிளந்த கோபுரம் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுடையது. பராக்கிரம பாண்டியன் காலத்துக் கோயில், பதினைந்தாம் நூற்றாண்டு. ராஜகோபுரம் சிதைந்து வெகுகாலம் அப்படியே நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1990-இல். தென்காசிப் பெரியவர்கள் பலருக்குப் பிளந்த கோபுரம்தான் சின்ன வயசு ஞாபகம். இரண்டு படமும் ஒரே அளவு, ஒரே ஓர வெட்டு, இரண்டிலும் அதே குடை. ஒரே பயணத்தில் எடுத்தவை என்று கொள்ளலாம்.

இடம் முடிந்தது. எஞ்சின்தான் என்னை உட்கார வைத்தது.

நீராவி எஞ்சினை அடையாளம் காண முதல் வேலை சக்கரம் எண்ணுவது. படத்தில் முன்னால் சின்னச் சக்கரம் 2, நடுவே பெரியது 3, பின்னால் சின்னது 1. அந்தப் பக்கமும் சேர்த்தால் 4-6-2. இந்த அமைப்புக்குப் பசிபிக் என்று பெயர், பயணிகள் வண்டி இழுப்பது. சரக்கு இழுக்கும் ஒய்.ஜி. என்றால் 2-8-2 வந்திருக்கும். அப்படியானால் இது எந்தப் பசிபிக்?

முன்பக்கக் குறுக்குப் பட்டையில் எழுத்து இருக்கிறது. 'ஒய்' தெளிவு. அடுத்த எழுத்தின் மேல்பாதி மட்டும் தெரிகிறது, கீழ்ப்பாதியை ஒருவரின் தலைப்பாகை மறைக்கிறது. மேல்பாதியில் ஒரு வயிறு. இங்கேதான் சிக்கல். இந்திய மீட்டர் கேஜில் 'ஒய்.பி.' என்று இரண்டு வகை உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ஒற்றை வயிற்று பி, இன்னொன்றுக்கு இரட்டை வயிற்று பி. இரண்டுமே 4-6-2. இரட்டை வயிற்று வகை 1920-களின் கடைசியிலிருந்து ஓடியது. அது என்றால் 1939 சரி, ஆச்சியும் சரி. ஒற்றை வயிற்று வகை 1949-க்கு அப்புறம் வந்தது. கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ், மியூனிக்கில் கிராவுஸ்-மாஃபை, பிறகு ஜாம்ஷெட்பூரில் டெல்கோ என்று 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள் செய்தார்கள். அது என்றால் ஆச்சி போய் எட்டு வருஷமாவது கழித்து எடுத்த படம்.

ஒரு தலைப்பாகைக்குக் கீழே எங்கள் வீட்டு ஆச்சி மாட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், இரட்டை வயிறாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

படத்தை உயர்ந்த அளவில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். தலைப்பாகைக்கு வலப்புறம் நான்கு இலக்கம் கொள்ளும் இடம், முதல் இலக்கம் 2, மிச்சம் ஆவியில் கலங்கியிருந்தது. ஒற்றை வயிற்று வகைக்குக் கொடுத்த எண்கள் 2000-இல் தொடங்கி 2870 வரை போகும். இது ஒரு சாட்சி. ஒரு சாட்சியை நம்பி முடிவு கட்டக்கூடாது என்று எஞ்சினுக்குப் பின்னாலுள்ள டெண்டரைப் பார்த்தேன். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் கம்பெனி எழுத்து இருக்கும். தென்னிந்திய ரயில்வே என்றால் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. படத்தில் இரண்டுதான், நடு எழுத்துக்கு இடமே விடவில்லை. எஸ்.ஆர்., அதாவது சதர்ன் ரயில்வே. தென்னிந்திய ரயில்வே, மதராஸ் தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றையும் இணைத்து அது உருவானது 1951 ஏப்ரல் 14-இல். எஞ்சின் எது என்பதில் நான் தப்பே பண்ணியிருந்தாலும் இந்த எழுத்து 1939-இல் இருக்க முடியாது.

அப்படியானால் 'அம்மா' என்று எழுதியது? எழுத்து பால்பாயிண்ட் பேனாவில். அந்தப் பேனா உலகச் சந்தைக்கு வந்ததே 1940-களில்தான். ஆக, பின்னாளில் எழுதியது. பெரியப்பாவின் கணக்கு நோட்டு எங்களிடம் இருக்கிறது, எழுத்து சேரவில்லை. சித்தப்பா பட்டாளத்திலிருந்து போட்ட கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த 'ற்றா' வளைவு அப்படியே அவருடையது.

ஆச்சி போன பிறகு தாத்தா மறுகல்யாணம் செய்துகொண்டார். சின்னாச்சி. மூத்தாள் பிள்ளைகள் அவரைச் 'சித்தி' என்பார்கள். 'அம்மா' என்று கூப்பிட்டது அவர் பெற்ற சித்தப்பா ஒருவர்தான். சித்தப்பா பிறந்தது 1950. கையைப் பிடித்திருக்கும் பையனுக்கு நாலு வயசு என்றால் படம் 1954 வாக்கில். அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், நாங்கள்தான் தப்பாகப் படித்தோம். எல்லாரையும் வளர்த்த சின்னாச்சிக்கு வீட்டில் படம் கிடையாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோம்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மாசம் தள்ளிப்போட்டேன். ஆச்சி போனபோது அத்தைக்கு நாலு வயசு. தினமும் அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறவர். கடைசியில் சின்னப் படத்தையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்து, எஞ்சினிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். எஞ்சினை அவர் பார்க்கவே இல்லை. ரொம்ப நேரம் குடையைப் பார்த்தார்.

"இது சித்தி நிக்கிற நிப்புதாம்லே. ஒரு தோளைச் சாய்ச்சிக்கிட்டுத்தான் நிப்பா."

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எங்கம்மை மொகம் எப்படில இருக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சுவர்ப் படம் சுவரிலேயே இருக்கிறது, அத்தை பூவை நிறுத்தவில்லை. சின்னப் படத்தையும் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். சித்தப்பா எழுத்தைத் தொடாமல், சட்டத்தின் பின்னால் தனித் தாளில் பென்சிலால் எழுதி ஒட்டினேன்: 'சின்னாச்சியும் சித்தப்பாவும். தென்காசி ஸ்டேஷன், 1954 வாக்கில். எஞ்சின் ஒய்.பி., ஒற்றை வயிறு.'

வீட்டில் பழைய ரயில் படம் வைத்திருப்பவர்கள் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எந்தப் பேனாவில், யார் கையால் என்றும் பாருங்கள். அதன் பிறகு சக்கரம் எண்ணலாம்.