ராபர்ட் பேர்ட்

ராபர்ட் கார்லைல் பேர்ட் (1917–2010): அமெரிக்க அரசியல்வாதி. மேற்கு வர்ஜீனியாவின் செனட் உறுப்பினராக 1959 முதல் இறக்கும்வரை 51 ஆண்டுகள் பதவி வகித்தார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்.

கைக்குழந்தையாக இருந்தபோதே 1918 இன்ஃபுளுவென்சா தொற்றில் தாயை இழந்தார். நிலக்கரிச் சுரங்க ஊர்களில் உறவினர் வீட்டில் வறுமையில் வளர்ந்து, இறைச்சி வெட்டியும் வெல்டிங் செய்தும் பிழைத்தார். 1940களில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானில் சேர்ந்து, ஆள் திரட்டியும் கொடுத்தார். அவர் வாழ்வின் அழியாத கறை இதுவே. 1964 ஜூனில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க, இரவு முழுக்கச் செனட்டில் நின்று 14 மணி நேரத்துக்கும் மேல் பேசினார். மறுநாள் காலை விவாதத்தை முடிக்க 71 பேர் வாக்களித்தனர், சட்டம் நிறைவேறியது.

பின்னாளில் இவற்றுக்காகப் பலமுறை வெளிப்படையாக வருந்தினார். வருத்தம் உண்மையானது என்றே கொள்ளலாம். ஆனால், அது அன்றைய எதிர்ப்பை மாற்றிவிடாது.

இருமுறை பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார். நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராகத் தன் ஏழை மாநிலத்துக்குச் சாலைகளையும் அரசு அலுவலகங்களையும் அள்ளிக்கொண்டுவந்தார். வீண்செலவு என்று மற்றவர்கள் சாடினர். சொந்த ஊரார் கொண்டாடினர்.

அரசியல் சாசனப் பிரதியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். போர் தொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று வாதிட்டு, 2002இல் ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்தார். அவரது பொதுவாழ்வில் தலைசிறந்த நிலைப்பாடு அது. 2008இல் அதிபர் வேட்பாளராக பராக் ஒபாமாவை ஆதரித்தார்.

செனட்டில் அவரைவிட நீண்டகாலம் பணியாற்றியவர் எவருமில்லை.