வக்கீல் பிள்ளை எழுதிக் கொடுத்த வாக்கு



செப்டம்பர் 5 வந்தால் காலை ஆறு மணிக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். எல்லாம் ஆசிரியர் தின வாழ்த்து. நானும் விடாமல் ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு வ.உ.சி. பிறந்த நாளும்தான், தெரியுமாடே?" என்று கேட்பேன். "தெரியும் சார், போன வருஷமும் கேட்டீங்க" என்று சிரிப்பார்கள்.

இந்த வருஷம் ஒருவன் சாயங்காலம் கூப்பிட்டான். பெயர் வேண்டாம். நம் மயிலாடியில் கல் கொத்தும் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பையன், இப்போது வெளியூரில் ஒரு தனியார் கம்பெனியில் சட்ட அதிகாரி. வாழ்த்துச் சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

"சார், ஒரு சங்கடம்" என்றான்.

அவன் கம்பெனி சில வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்தில் நிலம் வாங்கியது. நிலம் கொடுத்த வீடுகளுக்கு வேலை தருவோம் என்று எழுதிக் கொடுத்தது. அந்தப் பத்திரத்தைத் தயாரித்ததே இவன்தான். இப்போது செல்வாக்கான ஓர் அரசியல் புள்ளி ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். வேலை அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போக வேண்டுமாம். பழைய வாக்கைச் சட்டப்படி எப்படித் தட்டிக் கழிக்கலாம் என்று எழுதித் தரச் சொல்லி நிர்வாகம் இவனிடம் கேட்கிறது.

"நான் கம்பெனிக்குத்தானே சார் வக்கீல்? கம்பெனிக்கு நல்லது பார்க்கிறதுதானே என் கடமை? மறுத்தா கம்பெனிக்குத் தொந்தரவு வரும். அங்க ஆயிரம் குடும்பம் சாப்பிடுது. நான் என்ன செய்ய?"

உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் மக்கா" என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. அன்றைக்குப் பிறந்த நாள் கொண்டாடிய மனிதரும் ஒரு வக்கீல், ஒரு கம்பெனியின் உதவிச் செயலாளர். இதே சங்கடம் அவருக்கும் வந்தது. நான்தான் வகுப்பில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நான் நடத்தியது என்ன? வ.உ.சி. கப்பல் விட்டார், வெள்ளைக்காரன் பிடித்துச் சிறையில் போட்டான், செக்கு இழுத்தார். அதற்குள் மணி அடித்துவிடும். கம்பெனி என்ற பகுதியை நான் நடத்தியதே இல்லை. இன்றைக்கு நடத்துகிறேன்.

அன்று நம் ஊர் திருவிதாங்கூர் மகாராஜா சீமை. ஆரல்வாய்மொழி தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. அந்தப் பக்கம் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ல் பிறந்தவர் சிதம்பரம் பிள்ளை. தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல். மகனும் வக்கீலாகி, 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே சரக்கும் ஆளும் போய்வர, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வைத்ததுதான் சட்டம். அதை எதிர்த்து 1906 அக்டோபர் 16-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்ச ரூபாய் கொடுத்தார். மறுவருஷம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் ஓட்டி லாபம் பார்ப்பது மட்டும் இல்லை. நம் மக்களுக்குக் கடல் தொழிலைப் பழக்குவது, அதற்குப் பள்ளி வைப்பது, கப்பல் கட்டும் துறை அமைப்பது எல்லாம் எழுதப்பட்டிருந்தன. பங்கு ஆசியாக்காரர்களுக்கு மட்டும் என்பதும் விதி. அதாவது, 25 ரூபாய் கொடுத்தவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார். வக்கீல் பிள்ளை யாரையும் இருட்டில் வைத்துப் பணம் வாங்கவில்லை.

எதிராளி சும்மா இருப்பானா? கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாய் என்று இறக்கினான். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவன் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகிறேன், குடையும் தருகிறேன் என்றான். அதிகாரிகளின் கையும் அவன் பக்கம்தான். சப் கலெக்டராக இருந்த ஆஷ் துரையின் பெயர் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அந்த ஆஷ் 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையால் சுடப்பட்டது உங்களுக்குத் தெரியும்.

இப்போது என் மாணவனின் சங்கடத்துக்கு வருகிறேன்.

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்கார முதலாளிகளின் பஞ்சாலை அது. சம்பளம் குறைவு, வார விடுமுறை கிடையாது. அவர்களை வழிநடத்தியவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சில நாளிலேயே முதலாளிகள் இறங்கிவந்தார்கள். சம்பளமும் கூடியது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது.

கப்பல் கம்பெனியில் பணம் போட்ட ஒரு வியாபாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். "நான் பணம் போட்டது கப்பலுக்கு. செயலாளர் பஞ்சாலை வாசலில் ஏன் நிற்கிறார்? சர்க்கார் கோபம் கம்பெனி மேல் அல்லவா விழும்?" நியாயமான கேள்விதானே? மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமாகக்கூட இருந்திருக்கலாம்.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடக் கூடாது என்று கலெக்டர் விஞ்ச் தடுத்தார். ஊரை விட்டுப் போங்கள், அரசியலில் தலையிட மாட்டோம் என்று உறுதி எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு கையெழுத்துதான். கையெழுத்தின் விலை தெரிந்த வக்கீல் அதைப் போட மறுத்தார். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போனது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே, ராஜத் துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷம் என்று தீர்ப்பு எழுதினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல் கம்பெனி கலைந்துவிட்டது. போட்ட பணம் போயிற்று.

அப்படியானால் வ.உ.சி. கம்பெனிக்குத் துரோகம் செய்தாரா? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் கம்பெனி இன்னும் சில காலம் ஓடியிருக்கலாம். பின்னாளில் பம்பாயில் அப்படி ஒன்று ஓடவும் செய்தது. வால்சந்த் ஹீராசந்தும் கூட்டாளிகளும் நடத்திய சிந்தியா கம்பெனியின் முதல் கப்பல் 1919 ஏப்ரல் 5-ல் லண்டனுக்குப் புறப்பட்டது. இன்றும் அந்த நாள்தான் தேசியக் கடல்சார் தினம். அதே கட்டணச் சண்டை அவர்களுக்கும் வந்தது. 1923-ல் எதிராளியோடு ஒப்பந்தம் போட்டு, இந்தியக் கரையோரச் சரக்கோடு நின்றுகொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி பிழைத்தது. அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். நாள் பார்த்து விட்டுக்கொடுப்பதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். சிந்தியா விட்டுக்கொடுத்தது தன்னுடைய கடல் வழியை. வ.உ.சி.யிடம் கேட்டது, எந்த எண்ணத்துக்காக ஊரெல்லாம் பணம் கொடுத்ததோ அந்த எண்ணத்தை. அதை எழுதிக் கொடுத்திருந்தால், மிஞ்சியிருக்கும் கம்பெனி ஜனங்கள் பங்கு வாங்கிய கம்பெனியாகவா இருந்திருக்கும்? பெயரும் கப்பலும் மட்டும் பழையதாக இருந்திருக்கும்.

இன்னொன்று. கொள்கைக்கு விலை கொடுக்கும்போது முதலில் தன் மடியிலிருந்து கொடுத்தார். வக்கீல் தொழில் செய்யும் சன்னது பறிபோனது. விடுதலைக்குப் பிறகு சென்னையில் கடை வைத்து, நொடித்துப்போனார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணத்துக்காக 1915, 1916-ல் காந்தியடிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார். கடைசியில் வந்தது 347 ரூபாய் 12 அணா. லட்சக்கணக்கில் மூலதனம் திரட்டிய மனிதர் அவர். பிறகு நீதிபதி வாலஸ் சன்னதைத் திருப்பிக் கொடுக்க, அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வழக்காடினார். 1936 நவம்பர் 18-ல் கண்மூடுவதற்கு முன் எழுதிய உயிலில், எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்பதைக்கூடக் குறித்துவைத்தார். பிறத்தியார் காசை அவர் எப்படி நினைத்தார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மறுநாள் அந்தப் பையனை நானே கூப்பிட்டேன்.

"மக்கா, நம்ம ஊர்ப் பட்டறையில அச்சாரம் வாங்கும்போதே என்ன சிலை, எத்தனை அடின்னு பேசிக்கிடுவாங்க. பிள்ளையாருக்கு அச்சாரம் வாங்கிக்கிட்டு, வேற பெரிய மனுஷன் கேட்டான்னு அதே கல்லுல அவனுக்குச் சிலை கொத்துனா, கல்லு அதேதான், பட்டறையும் அதேதான். ஆனா இனி அந்தப் பட்டறையில யாரு அச்சாரம் கொடுப்பா? உன் கம்பெனி நிலத்தை வாங்கும்போது ஒரு வாக்குக் கொடுத்திருக்கு. அந்த வாக்கைக் காப்பாத்தச் சொல்லுறதுதான் கம்பெனிக்கு நீ செய்யிற நல்லது. அதை எழுத்துலயே சொல்லு. மரியாதையாச் சொல்லு. யாரையும் திட்டாதே."

"வேலை போயிட்டா சார்?"

"போகலாம். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்காரிகிட்ட முதல்ல பேசு. விலை கொடுக்கப் போறது நீ மட்டும் இல்ல."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்தாம் வகுப்புல இதெல்லாம் நடத்தவே இல்லையே சார்" என்றான்.

உண்மைதான். பாக்கி வைத்த பாடத்தை இன்றைக்கு நடத்திவிட்டேன். அவன் என்ன முடிவு எடுத்தான் என்பதை அவன் சொல்லும்போது சொல்லட்டும். நான் கேட்க மாட்டேன்.

உங்களில் எத்தனையோ பேர் கம்பெனிகளிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இருக்கிறீர்கள். என்றாவது ஒரு நாள் ஒரு காகிதம் உங்கள் மேஜைக்கும் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், பழைய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எல்லாரும் நல்லா இருங்க மக்களே. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.