பகையும் துணையும்: மாசகற்றலில் பங்கசுக்களின் வரலாறு

நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கிய மனிதன், அவற்றை மீளத் தூய்மையாக்கும் வழிகளை முறையாக ஆராயத் தொடங்கியமை இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலேயே பெருகியது எனலாம். அவ்வழிகளுள் ஒன்று பங்கசுக்களின் துணையை நாடுவதாகும். மரத்தையும் உணவையும் அழிக்கும் பகையென நெடுங்காலம் கருதப்பட்ட ஓர் உயிரினம் எவ்வாறு துணையென மதிக்கப்படலாயிற்று என்பதையும், அத்துணையின் எல்லை யாது என்பதையும் இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது நிகழ்ச்சி ஐரோப்பிய இல்லங்களின் சுவர்களோடு தொடர்புடையது. 1775 இல் சுவீடனில் வாழ்ந்த இரசாயனவியலாளரான ஷீலே, செம்பும் ஆசனிக்கும் அடங்கிய பச்சை நிறப்பொருளொன்றை ஆக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய ஆசனிக்குப் பச்சைகள் சுவர்த்தாள்களிற் பெருவழக்குப் பெற்றன. ஈரலிப்பான அறைகளில் வாழ்ந்தோர் நோயுற்றமைக்கு இத்தாள்களே காரணம் என்ற ஐயம் எழுந்தது. 1839 இல் செருமானிய அறிஞரான கிமெலின் இது குறித்து எச்சரித்தார். 1890களில் இத்தாலிய மருத்துவரான கோசியோ, ஆசனிக்குக் கலந்த உருளைக்கிழங்குக் கூழில் பூஞ்சணத்தை வளர்த்தபோது உள்ளிமணம் வீசும் வாயுவொன்று வெளிவருவதைக் கண்டார். ஆசனிக்கு அணுவுடன் மூன்று மெதயிற் கூட்டங்கள் இணைந்த சேர்வையே அவ்வாயு என்பதை 1930களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சலெஞ்சர் நிறுவினார்.

அவ்வாயுவின் கொல்லுந்திறன் மிகைப்படுத்தப்பட்டது எனப் பிற்கால ஆய்வாளர் வாதித்துள்ளனர். எனினும் ஓர் உண்மை மாறவில்லை. பங்கசு ஆசனிக்கை அழிக்கவில்லை. சுவரிலிருந்து காற்றுக்கு இடம்பெயர்த்தது. ஆசனிக்கு ஒரு மூலகம். எவ்வுயிரினமும் அதனைச் சிதைத்து இல்லாததாக்க இயலாது.

இரண்டாவது நிகழ்ச்சி மரத்தோடு தொடர்புடையது. மின்கம்பங்களையும் பிற மரங்களையும் பங்கசு அரிக்காவண்ணம் காக்க, 1930களிலிருந்து பென்ராகுளோரோபினோல் என்ற நஞ்சு வழக்கிற்கு வந்தது. மரத்தைக் காத்த அந்நஞ்சு, அது கையாளப்பட்ட நிலையங்களின் மண்ணிற் படிந்து நீண்டகாலம் நிலைத்தது. பங்கசுவைக் கொல்ல ஆக்கப்பட்ட நஞ்சைப் பங்கசுவைக் கொண்டே அகற்றும் முயற்சி பின்னர் எழுந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

அம்முயற்சிக்கு அடித்தளமிட்டவர்கள் மாசகற்றலை நோக்கமாகக் கொண்டு தொடங்கியவர்கள் அல்லர். ஐக்கிய அமெரிக்காவின் மடிசன் நகரில் 1910 இல் நிறுவப்பட்ட வனப்பொருள் ஆய்வுகூடம், மரம் ஏன் உக்குகின்றது என்ற வினாவை நெடுங்காலம் ஆராய்ந்து வந்தது. மரத்திற்கு உறுதியளிக்கும் இலிக்னின் ஒழுங்கற்ற அமைப்புடைய பெருமூலக்கூறாதலால், அதனைச் சிதைப்பது பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு அரிதாகும். வெண்ணழுகற் பங்கசுக்களோ அதனைச் சிதைக்க வல்லவை. 1983 இல் ரியன், கேர்க் ஆகிய இருவரும் அவ்வாய்வுகூடத்திலும், கிளென், கோல்ட் முதலியோர் ஒரிகனிலும் இதற்குரிய நொதியத்தை வெளிப்படுத்தினர். பங்கசு இந்நொதியத்தைத் தன் உடலுக்கு வெளியே சுரக்கின்றது. ஐதரசன் பரவொட்சைட்டின் துணையுடன் அது தொழிற்படுகின்றது. ஒழுங்கற்ற பொருளைச் சிதைக்க வேண்டியிருத்தலின், குறித்த ஒரே வடிவை மட்டும் அது நாடுவதில்லை.

இப்பண்பே புதிய வினாவுக்கு வழிவகுத்தது. இலிக்னினைச் சிதைப்பது, அதனைப்போல் வளைய அமைப்புடைய நஞ்சுகளையும் சிதைக்குமா? 1985 இல் பம்பஸ், ஓஸ்ற் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, வெண்ணழுகற் பங்கசு டி.டி.ரி., லின்டேன் முதலியவற்றின் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாக மாற்றுவதைக் காட்டியது. இலங்கையில் மலேரியாவுக்கு எதிராக 1940களிலிருந்து தெளிக்கப்பட்ட டி.டி.ரி.யும் இவ்வாய்வில் இடம்பெற்றமை நாம் மனங்கொள்ளத்தக்கது.

ஆய்வுகூடத்திற் கண்டதைத் திறந்த நிலத்திற் சோதித்தவர்கள் லமார், டீற்றிச் ஆகியோராவர். விஸ்கொன்சின் மாநிலத்தில் அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 1990 இல் வெளிவந்தன. ஒரு கிலோகிராம் மண்ணில் 250 முதல் 400 மில்லிகிராம் வரை பென்ராகுளோரோபினோல் இருந்த நிலத்திற் பங்கசு இடப்பட்டது. ஆறரை வாரங்களில் அந்நஞ்சு 88 முதல் 91 சதவீதம் வரை குறைந்தது.

இவ்வெண்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. குறைந்த நஞ்சின் ஒரு சிறுபகுதி சிதையவில்லை. மெதயிற் கூட்டத்தைப் பெற்று வேறொரு குளோரீன் சேர்வையாக மாறியிருந்தது. கோசியோவின் பூஞ்சணமும் இதையொத்த மெதயிலேற்றத்தையே ஆசனிக்கிற் செய்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு செயல்களும், மறைந்ததெல்லாம் அழிந்ததாகாது என்ற ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. மேலும், மண்ணிலுள்ள பிற நுண்ணுயிர்களின் போட்டி, போதிய ஒட்சிசன், பங்கசுவுக்கு உணவாகும் மரச்சீவல்கள் என்பனவும் இம்முறையின் வெற்றியை நிர்ணயிக்கின்றன. ஆய்வுகூடத்து வெற்றி நிலத்தில் எளிதிற் கிட்டாமைக்கு இவையும் காரணங்களாகும்.

எனவே, பங்கசு எல்லா நஞ்சுக்கும் மருந்தன்று. காபனை அடிப்படையாகக் கொண்ட சேர்வைகள் பலவற்றை அது சிதைக்கக்கூடும். ஆசனிக்கு, ஈயம், இரசம் போன்ற மூலகங்களை உருமாற்றவோ, திரட்டவோ, இடம்பெயர்க்கவோ மட்டுமே அதனால் இயலும். இவ்வேறுபாட்டை அறியாது, ஒரு நிலம் பங்கசுவாற் தூய்மையாயிற்று என எவரேனும் கூறின் அதனை அப்படியே ஏற்பது பொருந்தாது. நஞ்சு எவ்வளவு குறைந்தது என வினவுவதோடு, குறைந்தது எங்கே சென்றது, என்னவாக மாறியது எனவும் வினவுதல் வேண்டும். அந்நிலத்தில் வாழ்வோரின் நலம் அவ்வினாக்களின் விடையிலேயே தங்கியுள்ளது. நஞ்சை ஆக்கியோரின் பொறுப்பைப் பங்கசுவின் மீது சுமத்திவிடுவதற்கு இவ்வரலாற்றில் யாதொரு நியாயமும் இல்லை.