சாட்டிலைட் படத்துல தெரியாத தலைநகரம்

போன வாரம் கூகுள் எர்த்தைத் திறந்துவச்சு அரியலூர் மாவட்டத்துல ஒரு தலைநகரத்தைத் தேடினேன். கங்கைகொண்ட சோழபுரம். 1025 வாக்குல ராஜேந்திர சோழன் உருவாக்கினது, சுமார் 250 வருஷம் சோழர்களோட தலைநகரம். மேலேருந்து பார்த்தா கோயில் மட்டும் பளிச்சுனு தெரியுது. மேற்கே பொன்னேரி, அதாவது ராஜேந்திரன் வெட்டின சோழகங்கம். மத்ததெல்லாம் வயல், முந்திரித் தோப்பு. அரண்மனை எங்க?

சரி, படத்தை விட்டுட்டு ஊர்ப் பேர்களை ஆன் பண்ணேன். கோயிலுக்குத் தென்மேற்கே ரெண்டு கிலோமீட்டர்ல மாளிகைமேடு. பக்கத்துல உட்கோட்டை. ஆயுதக்களம்னுகூட ஒரு ஊர்! கட்டடம் போயிடுச்சு, பேர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கு. மாளிகைமேட்டுல 1980லேருந்து தமிழக தொல்லியல் துறை தோண்டினப்போ செங்கல் சுவர், கூரை ஓடு, சீனப் பீங்கான் துண்டெல்லாம் கிடைச்சது. சமீபத்திய அகழாய்வுக்கு முன்னாடி ட்ரோன் சர்வேயும் பண்ணாங்க.

அப்போ மிச்சக் கல்லெல்லாம்? மேப்பைத் தெற்கே நகர்த்துங்க. கொள்ளிடத்துல அணைக்கரை. 1836ல கீழணை கட்டினப்போ கோயில் மதிலை இடிச்சுக் கல்லைக் கொண்டுபோனாங்க. காவிரிப் பாசனத்துக்கு அந்த அணை தேவைதான், மறுக்கலை. ஆனா இந்த நகரத்துக்கு மேப் போடுறவங்க ஆத்துக்குள்ளயும் ஒரு புள்ளி வைக்கணும்.

ஒண்ணு மட்டும்: ஆயுதக்களம்னு பேர் இருக்குறதாலயே அங்க ஆயுதசாலை இருந்ததுனு ரீல்ஸ் போட்டுடாதீங்க. மாளிகைமேட்டுப் பேருக்குச் செங்கல் சாட்சி சொல்லுது. இதுக்கும் அப்படி ஒண்ணு வேணும்.