மகளின் பங்கு: திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமை தரும் பாடம்

நவீன இந்தியாவில் குடும்ப வாழ்வு மாறிவருவதைப் பேசும்போது, கூட்டுக்குடும்பம் பிரிந்ததையும் பெண்கள் கற்று ஊதியம் ஈட்டுவதையும் நாம் முதலில் குறிப்பிடுகிறோம். ஆயினும், ஒரு குடும்பம் தன் மகளை எவ்வாறு மதிக்கிறது என்பதைத் தந்தையின் சொத்து பிரிக்கப்படும் நாளே வெளிப்படுத்துகிறது. இதற்குத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவரின் வரலாறு தக்க சான்றாகும். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டமும் அந்நாட்டின் பகுதியாக இருந்ததே.

1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்குரியது. கைம்பெண் பெற்ற நிலவுரிமையோ, அவள் இறக்கும்வரை அல்லது மறுமணம் புரியும்வரை மட்டுமே நிலைத்தது. மகளின் பங்கு சீதனமாக முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய ஐந்து தாலுகாக்களில், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுடைய புரொட்டஸ்டண்டுக் கிறிஸ்தவருக்கு இவ்விதிகள் பொருந்தா. லத்தீன் முறைக் கத்தோலிக்கரில் அவ்வழக்கமுடையோருக்கும் அவ்வாறே. ஆகவே சமபங்கு என்பது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. அது இம்மண்ணின் சபையாரிடையே வழங்கிய வழக்கமாகும்.

1951-இல் மத்திய அரசின் சட்டமொன்று இப்பகுதிக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் பின்னரும் பழைய சட்டம் நிலைத்ததா என்பதில் நீதிமன்றங்கள் முரண்பட்டன. கோட்டயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய மேரி ராய் 1983-இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1986 பிப்ரவரி 24 அன்று, 1951 முதலே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் எனத் தீர்ப்பாயிற்று. இச்சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பழைய சட்டம் அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு முரணானதா என்ற வினாவினுள் நீதிமன்றம் புகவில்லை. எந்தச் சட்டம் நடைமுறையில் உள்ளது என்பதையே அது தீர்மானித்தது. மேலும், அத்தீர்ப்பு உயில் இல்லாத சொத்துக்கே உதவும். மகளை விலக்கி உயில் எழுதவும், திருமணத்தை ஒட்டி அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறவும் இன்றும் வழியுண்டு. இவை நம் சபைக் குடும்பங்களிலேயே நடைபெறுகின்றன என்பதைப் போதகர்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லோம்.

எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் சபை முழுவதற்கும் முன்பாக நின்று தங்கள் சுதந்தரத்தைக் கேட்டனர். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே மோசேக்கு அறிவித்தார். எனினும் அவர்களுக்குச் சகோதரர் இல்லை. யோபு 42-ஆம் அதிகாரம் இன்னும் ஓரடி முன்செல்கிறது. அங்கே ஏழு குமாரர் இருந்தும், தந்தை தன் குமாரத்திகளுக்கும் சுதந்தரம் கொடுத்தான். எந்தச் சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்தியதாக வேதம் கூறவில்லை.

நீதிமன்றம் தொடாமல் விட்ட அவ்வினா இன்று திருச்சபையின் முன் நிற்கிறது. திருமண ஆயத்தப் போதனையிலும், நோயுற்ற முதியோர் அருகில் அமர்ந்து பேசும் வேளையிலும், உயிலுக்குச் சாட்சியாக நம்மை அழைக்கும்போதும், மகளின் பங்கு யாது என்று கேட்க நமக்குத் துணிவுண்டா? ஞானஸ்நானத் தொட்டியருகே மகனையும் மகளையும் வேறுபாடின்றி ஏந்திய கைகள், பத்திரத்தின்மேல் வேறுபாடு காட்டலாகாது.