தள்ளுபடியின் விலை

தமிழில் ‘தள்ளுபடி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கடைத்தெருவில் அது விலைக்குறைப்பு. நீதிமன்றத்தில் அது மனுவை ஏற்க மறுத்தல். இன்டெல், ஏஎம்டி ஆகிய சில்லு நிறுவனங்களின் நெடிய பூசலில் இவ்விரண்டும் சந்திக்கின்றன.

2005 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஏஎம்டி வழக்குத் தொடுத்தது. தன் சில்லுகளை வாங்காதிருக்கவும் குறைவாக வாங்கவும் இன்டெல் கணினி உற்பத்தியாளர்களுக்குத் தள்ளுபடி என்ற பெயரில் பணம் தருகிறது என்பதே குற்றச்சாட்டின் சாரம். பத்து லட்சம் சில்லுகளை இலவசமாகத் தர முன்வந்தும் எச்.பி. 1,60,000 மட்டுமே பெற்றுக்கொண்டது என்றது அந்த மனு. இதன் கணக்கு எளியது. மொத்தக் கொள்முதலின் மீது கிடைத்துவரும் தள்ளுபடி பறிபோகுமாயின், இலவசச் சில்லும் நட்டத்தையே தரும்.

2009 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அலுவலக மேசைக் கணினிகளுக்கான சில்லுகளில் குறைந்தது 95 விழுக்காட்டை இன்டெலிடமே எச்.பி. வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாக ஆணையம் கண்டது. அவ்வாண்டு நவம்பரில் இன்டெல் 125 கோடி டாலர் தந்து ஏஎம்டியுடன் சமரசம் செய்துகொண்டது.

வழக்கின் இரு தரப்பிலும் இல்லாத டெல் நிறுவனத்தின் நிலையோ வேறு. இன்டெல் தந்த தொகை 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 விழுக்காடு, 2006இல் 38, 2007 முதற்காலாண்டில் 76 என அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2006 மே மாதம் ஏஎம்டி சில்லுகளையும் பயன்படுத்தப்போவதாக டெல் அறிவித்ததும் அத்தொகை சுருங்கியது, லாபமும் சரிந்தது. காரணத்தை முதலீட்டாளர்களிடம் மறைத்ததாக எழுந்த வழக்கில், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், 2010 ஜூலையில் டெல் 10 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

ஐரோப்பாவில் வழக்கு மேலும் நீண்டது. 2022இல் பொது நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது. ஏஎம்டி கணினிகளின் வரவைத் தாமதப்படுத்தவும் தடுக்கவும் எச்.பி., ஏசர், லெனோவோ ஆகியவற்றுக்குத் தரப்பட்ட பணத்துக்காக மட்டும் ஆணையம் 2023இல் ஏறத்தாழ 37.6 கோடி யூரோ அபராதத்தை மீண்டும் விதித்தது. தள்ளுபடிகள் குறித்த அதன் மேல்முறையீடு 2024 அக்டோபரில் தள்ளுபடியாயிற்று.

தள்ளுபடி சட்டவிரோதமா என்பதில் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் தடுமாறின. வாங்கியவர்களின் கணக்கேடுகளில் அத்தகைய தடுமாற்றம் இல்லை. சலுகையாகத் தொடங்கிய தொகை, அது இன்றேல் லாபத்தின் பெரும்பகுதி இல்லை என்னும் நிலைக்கு ஒரு பெரு நிறுவனத்தைக் கொண்டுசென்றிருந்தது.